கையை எடுத்தால் என்ன வருகிறது என்று பாருங்கள்

வணக்கம். இன்றைக்குக் கேமராவை மேசைக்கு நேர் மேலே கட்டியிருக்கிறேன். அதனால் என் முகத்தைவிடக் கைகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மேசைமேல் இருப்பது சாதாரண வெள்ளை அட்டை, அதன்மேல் ப்ரொஜெக்டர் வெளிச்சம். ஓரத்திலிருந்து சாம்பல் நிறத்தில் படர்ந்து வருகிறதே, அதுதான் பாக்டீரியா. உண்மையான பாக்டீரியா இல்லை, நான் எழுதிய நிரல். என் கை எங்கே இருக்கிறது என்று வெப்கேமரா கண்டுபிடிக்கும். கை இருக்கிற இடத்தில் ஆன்டிபயாடிக் இருப்பதாகக் கணக்கு. இதோ வைக்கிறேன். சாம்பல் கரைகிறது, பார்த்தீர்களா? கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும், பேசிக்கொண்டே இருப்போம்.

போன வருடம் அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை, மாற்றிக் கொடுத்ததும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் கல்ச்சர் எடுக்கச் சொன்னார்கள், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. மூன்றாம் நாள் ரிப்போர்ட் கைக்கு வந்தது. கிருமியின் பெயர் ஈ. கோலை. கீழே வரிசையாக மருந்துகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி சாகும், ஆர் என்றால் சாகாது. ஆம்பிசிலின் ஆர், சிப்ரோஃப்ளாக்சசின் ஆர். அப்படியே ஆர், ஆர் என்று இறங்கிக்கொண்டே போனது. நைட்ரோஃபுரான்டோயினுக்கு எதிரே எஸ் இருந்தது, அதில்தான் அம்மா குணமானார். அந்தக் காகிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அந்த எண்ணைப் படித்தபோது புரியாத ஒன்று, அம்மாவின் ரிப்போர்ட்டைப் பிடித்திருந்தபோது எனக்குப் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ராய் கிஷோனி, மைக்கேல் பேய்ம் குழுவினர் 2016இல் வெளியிட்ட வீடியோவை மறுபடி பார்த்தேன். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் செய்த சோதனை அது. 120 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ராட்சதத் தட்டு. அதில் கறுப்பு மை கலந்த அகார், அதாவது பாக்டீரியா வளர்க்கும் கூழ். இரண்டு ஓரங்களிலும் மருந்தே கிடையாது. உள்ளே போகப் போக, முதல் பட்டையில் கிருமியைக் கொல்லும் அளவு மருந்து, அடுத்ததில் அதைப்போல் 10 மடங்கு, பிறகு 100, நட்ட நடுவில் 1000 மடங்கு. ஓரங்களில் ஈ. கோலையை விட்டுவிட்டு மேலே கேமராவை வைத்துவிட்டார்கள். வெள்ளையாகப் படர்ந்து வந்து முதல் எல்லையில் அப்படியே நின்றுவிடும். அப்புறம் ஓர் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு புள்ளி உள்ளே நுழைந்து விசிறிபோல விரியும். அடுத்த எல்லையிலும் அதே கதை. சுமார் 11 நாளில் நடுப் பட்டைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

கிஷோனிக்கு இந்த யோசனை வந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2011இல் வந்த, கொள்ளைநோய் பற்றிய ஒரு ஹாலிவுட் படத்துக்கான விளம்பரம். பெரிய தட்டில் நுண்ணுயிர்கள் மெல்ல வளர்ந்து படத்தின் பெயரை எழுதுமாம். விளம்பரம் செய்தவர்களின் கற்பனை ஆய்வகத்துக்குள் போய், அங்கிருந்து வீடியோவாகத் திரும்பி வந்து, இப்போது என் மேசைமேல் கிடக்கிறது.

சரி, இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். இதன் முதல் வடிவத்தை இரண்டே வாரத்தில் முடித்துவிட்டேன். கை பட்டதும் சாம்பல் பாக்டீரியாவில் சில சிவப்பாக மாறும், சிவப்பு என்றால் மருந்துக்கு அடங்காதது. பார்க்க அழகாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ரசித்தார்கள். ஆனால் அது தப்பு. மருந்து பட்டதால் பாக்டீரியா மாறுகிறது என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

லூரியா, டெல்புரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1943லேயே இதைச் சோதித்துவிட்டார்கள். ஒரே பாக்டீரியாவைப் பல குழாய்களில் தனித்தனியாக வளர்த்து, பிறகு எல்லாவற்றையும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரசோடு சேர்த்தார்கள். வைரஸ் பட்ட பிறகுதான் எதிர்ப்பாற்றல் வருகிறது என்றால், எல்லாக் குழாயிலும் தப்பிப் பிழைத்தவை ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அப்படி இல்லை. பல குழாய்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, சிலவற்றில் மட்டும் ஏராளம். அதாவது அந்த மாற்றம் வைரஸ் வருவதற்கு முன்பே, குழாய்க்குள் பெருகிக்கொண்டிருந்தபோதே, தற்செயலாக வந்திருக்கிறது. சீக்கிரம் வந்த குழாயில் அதன் சந்ததி நிறைய.

1952இல் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் என்ற விஞ்ஞானிகள் வெல்வெட் துணியை வைத்தே இதைக் காட்டினார்கள். தட்டில் வளர்ந்த பாக்டீரியா மேல் வெல்வெட்டை ஒற்றி, வேறு தட்டுகளில் முத்திரைபோல அதே இடத்தில் பதிப்பது. மருந்துள்ள தட்டில் பிழைத்த இடம் எதுவோ, அதே இடத்தை மருந்தே காணாத மூலத்தட்டில் தேடிப் போனால், அங்கே எதிர்ப்பாற்றல் உள்ளவை ஏற்கெனவே இருந்தன. ஒரு துண்டு வெல்வெட்! கலை செய்கிற யாருக்கும் பொறாமை வரும்.

அதனால் நிரலைத் திருப்பி எழுதினேன். இப்போது நிறம் மாறுவதற்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு முறை பெருகும்போதும் மிக மிகக் குறைந்த வாய்ப்பில் ஒன்று சிவப்பாகும். கை இல்லாத வரை சாம்பல் கூட்டத்துக்குள் அது தெரியவே தெரியாது. இப்போது கையை எடுக்கிறேன். பாருங்கள். சாம்பல் போய்விட்டது, நான் காலி செய்து கொடுத்த இடத்தில் இரண்டே இரண்டு சிவப்புப் புள்ளிகள். சுற்றிலும் போட்டிக்கு ஆள் இல்லை. பத்து விநாடியில் அட்டை முழுக்க அதுதான்.

கிஷோனி தட்டில் பார்த்த இன்னொரு விஷயத்தையும் சேர்த்திருக்கிறேன். எதிர்ப்பாற்றல் அதிகம் உள்ளவை எப்போதும் முன்வரிசையில் இருப்பதில்லை. சில சமயம் தங்களைவிடப் பலவீனமானவற்றின் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கும். இங்கே இந்த மூலையில் கருஞ்சிவப்பாக ஒன்று அடைபட்டிருக்கிறது. முன்னால் இருப்பதை நான் விரலால் துடைத்தால் அதற்கு வழி திறந்துவிடும். இந்த இடம் வந்ததும், பார்க்க வருகிறவர்கள் விரலை நீட்டத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

எதிர்த்திசையில் யோசித்த கலைஞர் ஒருவரைச் சொல்ல வேண்டும். அன்னா டுமித்ரியு, பிரிட்டனைச் சேர்ந்தவர். 1941 காலத்து, இரண்டாம் உலகப் போர்க்கால முத்திரையுள்ள, பெண்கள் அணியும் கோட்டு ஒன்றை எடுத்து, அதன் கிழிசல்களில் பட்டுத் துணி ஒட்டுப் போட்டார். அந்தப் பட்டில் ஈ. கோலை வளர்ந்த தடம் இருக்கிறது. அந்த ஈ. கோலையின் ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணுவைக் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் வெட்டி எடுத்து, அந்த இடத்தில் ‘இருப்பதை ஒட்டுப்போட்டுச் சமாளி’ என்ற பொருள் தரும் போர்க்கால வாசகத்தை டிஎன்ஏ எழுத்துகளில் வைத்துத் தைத்திருந்தார்கள். 1941தான் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு முதன்முதலாகப் பென்சிலின் சிகிச்சை கொடுத்த வருடம். அவர் தேறி வந்தார், மருந்து தீர்ந்துபோனது, இறந்துவிட்டார். அவருடைய சிறுநீரிலிருந்துகூடப் பென்சிலினைப் பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள்.

என்னுடையதில் பெரிய குறை ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மாவின் ரிப்போர்ட்டில் ஆம்பிசிலினுக்கு எதிரே இருந்த அந்த ஆர், பெரும்பாலும் இப்படிப் படிப்படியாக வருவதில்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையம் வழியாக ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். அண்டை வீட்டுக்குச் சாவி கொடுப்பது மாதிரி, வேறு இனத்துக்குக்கூடக் கொடுக்கும். அதை இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு விநாடி மின்னி மறையும் மெல்லிய கோடாகக் காட்டப் பார்க்கிறேன். கோடுகள் அதிகமானால் கணினி திணறுகிறது. அடுத்த வாரம் அதைச் சரிசெய்து, அம்மாவையே மேசைமுன் உட்கார வைத்துக் காட்டுகிறேன்.