பூட்டிய கோப்பும் திறந்த சான்றும்

அவையோர்களே,

2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல் செயற்கைக்கோள் படங்களைத் திரையிட்டு, ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக வாதிட்டார். அப்படங்களைத் தாமே சோதித்தறியப் பெரும்பாலான நாடுகளுக்கு வழியில்லை. போர் மூண்டது, ஆயுதங்கள் அகப்படவில்லை. அதன் பிறகு, தன் உளவுத்துறையை நம்புமாறு ஒரு வல்லரசு கேட்கும்போது மற்ற நாடுகள் தயங்குவதை நான் குறைகூற மாட்டேன்.

அந்தத் தயக்கத்துக்கு மருந்தாக அமையக்கூடிய ஒன்றை 2022இல் உக்ரைனின் புச்சா நகரில் கண்டோம். மார்ச் இறுதியில் ரஷ்யப் படைகள் வெளியேறிய பின், யாப்லுன்ஸ்கா தெருவில் ஓடும் காரிலிருந்து எடுக்கப்பட்ட காணொளியில் பொதுமக்களின் சடலங்கள் சாலை நெடுகக் கிடந்தன. தங்கள் படை போன பிறகு அரங்கேற்றப்பட்ட நாடகம் அது என்றது மாஸ்கோ. ஆனால் மேக்ஸார் என்ற தனியார் நிறுவனத்தின் செயற்கைக்கோள், படைகள் அங்கிருந்தபோதே, மார்ச் 19 அன்று, அதே தெருவைப் படமெடுத்திருந்தது. காணொளியைக் காட்சி காட்சியாக நிறுத்தி, மதில், வளைவு, சிதைந்த வாகனம் என்று அடையாளம் வைத்து அப்படத்தோடு பொருத்திப் பார்த்தால், சடலம் கிடந்த இடங்களிலேயே மனித உடலளவிலான கரிய உருவங்கள் தெரிந்தன. நாடகம் என்ற கதை அங்கேயே உடைந்தது. இதற்கு இரகசியக் கோப்பு எதுவும் தேவைப்படவில்லை. பொறுமையுள்ள எவரும் அந்தச் சோதனையை மீண்டும் செய்யலாம்.

எவரும் பார்க்கக்கூடிய படங்களையும் காணொளிகளையும் கொண்டு உண்மையைச் சோதித்தறியும் இம்முறைக்குத் திறந்தமூலப் புலனாய்வு என்று பெயர். அது வெளியுறவுக்குத் தரும் பெரும்பயன் இதுவே. ஏப்ரல் 5 அன்று பாதுகாப்பு அவையில் புச்சா கொலைகளைக் கண்டித்துச் சுதந்திரமான விசாரணையை ஆதரித்த இந்தியா, இரண்டு நாள் கழித்து, ரஷ்யாவை மனித உரிமை அவையிலிருந்து இடைநீக்கிய ஐ.நா. பொது அவை வாக்கெடுப்பில் ஆதரவாகவோ எதிராகவோ வாக்களிக்காமல் விலகி நின்றது. அத்தீர்மானம் 93 வாக்குகளால் நிறைவேறியது. அந்த விலகலில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், எந்தப் பக்கமும் சாயாத நாடுகூட, வாஷிங்டனையோ கீவையோ நம்பித்தான் ஆகவேண்டும் என்ற நெருக்கடியின்றிக் கொலையைக் கொலை என்று சொல்வதற்கு இத்தகைய சான்று இடம் தருகிறது.

இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வன்முறைக் காட்சி என்று சமூக ஊடக நிறுவனங்கள் இத்தகைய காணொளிகளை அழித்துவிடுகின்றன. சான்றும் அதோடு போய்விடுகிறது. ஆகவே, நம் தூதரகங்களில் மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்திலேயே சரிபார்ப்பாளர் ஒருவரையும் அமர்த்த வேண்டுகிறேன். முதலில் வெளியான பதிவை மறைவதற்கு முன்பே சேமித்து, நாளும் நேரமும் இடமும் குறித்து வைப்பது அவருடைய முதல் பணியாகட்டும்.