பின்னால் ஓடிவரும் நாய்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் ஐஸ் ஹாக்கியைப் பற்றிப் பேசப்போகிறேன். அதிலும் ஃபோர்செக் என்கிற ஒரே ஒரு சங்கதி. பனியைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் புரியும், பயப்படாதீர்கள்.

இரவு பத்து மணி. வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கிறீர்கள். தினமும் திறக்கிற பூட்டுதான். அந்த நேரம் பார்த்து, முதுகுக்குப் பின்னால் தெருநாய் ஒன்று ஓடிவருகிற சத்தம். சாவி துவாரத்துக்குள் போகுமா? போகாது. நாய் இன்னும் கடிக்கவே இல்லை, ஆனால் வேலை கெட்டுப்போச்சு. ஃபோர்செக் அந்த நாய்தான்.

பக் என்பது ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலக் கனம். அதை எதிரணியின் மூலைக்கு வேண்டுமென்றே அடித்து விடுவார்கள். கையில் இருப்பதை எதிராளிக்கே கொடுப்பார்களா என்றால், கொடுப்பார்கள். கொடுத்துவிட்டுத் துரத்துவார்கள். இந்தத் துரத்தல்தான் ஃபோர்செக். பக்கை எடுக்கப் போகிற தடுப்பாட்டக்காரனுக்கு முகம் சுவரைப் பார்த்து, முதுகு துரத்துகிறவர்களைப் பார்த்து. அவன்தான் பூட்டைத் திறக்கிறவன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். நான் நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா ஊரில் படித்த காலம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் லைனா அரங்கம், 1957-இல் திறந்தது, நாலாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல் கொள்ளும். எதிரணியின் பெயர்களை அறிவிக்கும்போது மாணவர்கள் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு படிப்பதுபோல் நடிப்பார்கள். ஹார்வர்டு வந்தால் மீன் எறிவார்கள். சரி, மீன் கதைக்குள் போனால் நான் திரும்பி வர மாட்டேன்.

அன்றைக்கு மூலையில், கண்ணாடித் தடுப்பை ஒட்டி எனக்கு இடம் கிடைத்தது. நான் பக்கையே துரத்தித் துரத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் முழங்கையால் இடித்து, “பக்கை விடு, அந்தப் பையனுடைய கழுத்தைப் பார்” என்றார். பார்த்தேன். எதிரணித் தடுப்பாட்டக்காரன் மூலைக்கு வரும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். எங்கள் ஆள் தோளால் மோதினான். பலகைச் சுவர் அதிர்ந்ததில் என் மடியில் இருந்த காப்பி தளும்பியது. அடுத்த தடவை அவன் இரண்டு முறை திரும்பினான். மறுபடியும் மோதல். மூன்றாவது பகுதி ஆட்டத்தில் அவன் கழுத்து ஓயவே இல்லை; பக் அவன் மட்டைக்கு அடியில் நழுவி, இரண்டு ஸ்கேட்டுக்கும் நடுவே போய்விட்டது. எங்கள் ஆள் அப்போது நாலடி தள்ளி நின்றான். தொடவே இல்லை! பெரியவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

மோதுவது அடிபட வைப்பதற்கு இல்லை. அடுத்த தடவை திரும்பிப் பார்க்க வைப்பதற்கு. திரும்பச் சொல்கிறேன், அடுத்த தடவைக்காக.

துரத்துகிற மூன்று பேரில் முதல் ஆள் உடம்போடு மோதுவான், அதுவும் நேராகப் போகாமல் வளைந்து வந்து ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு. இரண்டாவது ஆள் சிதறிய பக்கைப் பொறுக்குவான். மூன்றாவது ஆள் ஆசையை அடக்கிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். அவனும் மூலைக்குள் புகுந்துவிட்டால் எதிரணி ஒரே பாஸில் தப்பித்துவிடும்.

கல்லூரியில் இது ஏன் இவ்வளவு எடுபடுகிறது? பெரும்பாலும் வெள்ளி, சனியில்தான் ஆட்டம், அதனால் கால் ஓயாமல் துரத்த முடியும். தொழில்முறை லீக்கில் ஒரு பருவத்துக்கு எண்பதுக்கும் மேல் ஆட்டம், அங்கே இப்படி ஓடினால் பாதியில் கால் விட்டுவிடும். கல்லூரியில் கைகலப்புக்கும் இடமில்லை. கை ஓங்கினால் அந்த ஆட்டமும் போச்சு, அடுத்த ஆட்டமும் போச்சு. கோபத்தை எல்லாம் தோளில்தான் காட்ட வேண்டும்.

கல்லூரிகளின் 2023 தேசிய இறுதி ஆட்டம், ஃபுளோரிடாவின் டாம்பாவில். மினசோட்டா பல்கலைக்கழக அணியிடம் லோகன் கூலி, மேத்யூ நைஸ் என்று பெரிய பெயர்கள். 2-0 முன்னிலை வேறு. குவினிபியாக் அணி விடாமல் நெருக்கியது. கடைசிப் பகுதியில் மினசோட்டா தன் பக்கத்திலிருந்து வெளியே வரவே திணறியது. சமன் செய்து, கூடுதல் நேரத்தில் பத்தே நொடியில் குவினிபியாக் ஜெயித்தது, 3-2.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிந்தது என்று கையைச் சுழற்றுகிறார்கள். பெண்கள் ஆட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அது பையிலேயே இருக்கட்டும். பெனால்ட்டியைப் பற்றி ஒன்று மட்டும்: பின்னாலிருந்து மோதக் கூடாது. எதிராளியின் முதுகில் எண் தெரிந்தால் தோளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வேகமாக வந்துகொண்டிருக்கும்போது அது கால் நொடி முடிவு. அந்தக் கால் நொடியைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன். வணக்கம்.