எக்ஸ் கதிரில் ஒளிரும் விண்மீன் மண்டலங்களை இனம் பிரித்தல்

(கிருஷ்ணகிரியில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம். நம் மாவட்டத்துக்குக் கிழக்கே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. இவ்வளவு அருகில் இருந்தும் அதைப் பார்க்காத இயற்பியல் மாணவர்கள் இங்கே இருந்தால், அடுத்த விடுமுறையிலேனும் போய்வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அந்தத் தொலைநோக்கியால் எக்ஸ் கதிர்களைக் காண முடியாது. வளிமண்டலம் அவற்றை உறிஞ்சிவிடுவதால் கருவியை விண்வெளிக்கு அனுப்பியாக வேண்டும். 1999-இல் ஏவப்பட்ட சந்திரா, 2015-இல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் ஆகியவை அத்தகையவை. ஒரு விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது என்று அவை சொல்லும்போது, அதற்குக் காரணம் மையக் கருந்துளையில் விழும் பொருளாகவும் இருக்கலாம், ஒரு கோடி டிகிரி அளவுக்குச் சூடேறிய வாயுவாகவும் இருக்கலாம், இரட்டை விண்மீன்களின் கூட்டு ஒளியாகவும் இருக்கலாம். எது என்று முடிவு செய்ய, கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் பிரித்து நிறமாலையாக விரிக்கும் தரைத் தொலைநோக்கியிடமே திரும்பி வருகிறோம்.

நிறமாலையில் முதலில் பார்ப்பது ஹைட்ரஜன் வரிகளின், அதாவது ஹைட்ரஜனுக்கே உரிய அலைநீளங்களில் தெரியும் கோடுகளின், அகலத்தை. வானியலாளர் கார்ல் சேஃபர்ட் 1943-இல் சில மண்டலங்களின் மையத்தில் வழக்கத்துக்கு மாறான அகலமுள்ள உமிழ் வரிகள் இருப்பதை விவரித்தார். வாயு நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சுழலும்போது டாப்ளர் விளைவால், அதாவது நம்மை நோக்கியும் விலகியும் செல்லும் வாயுவின் ஒளி அலைநீளம் மாறித் தெரிவதால், வரி விரிகிறது. மையக் கருந்துளையால் ஒளிரும் மண்டலங்களுள் இவை முதல் வகை. சில நூறு கிலோமீட்டர் வேகத்தைக் காட்டும் குறுகிய வரிகள் மட்டுமே தெரிந்தால் இரண்டாம் வகை. என்.ஜி.சி. 1068 என்ற இரண்டாம் வகை மண்டலத்தின் முனைவாக்கம் பெற்ற ஒளியை (சிதறலால் ஒரே திசையில் அதிரும் ஒளியை) ஆராய்ந்த அன்டோனூச்சியும் மில்லரும், அதில் அகன்ற வரிகள் மறைந்திருப்பதை 1985-இல் காட்டினார்கள். அந்த மண்டலத்தில் தூசுத் திரை ஒன்று நம் பார்வையை மறைத்துக்கொண்டிருந்தது. சிதறி வந்த ஒளி திரையைச் சுற்றிக்கொண்டு நம்மை அடைந்தது.

குறுகிய வரிகள் மட்டுமே இருந்தால், இளம் விண்மீன்களும் அவற்றைத் தூண்டக்கூடும் என்ற சிக்கல் எழுகிறது. 1981-இல் பால்ட்வின், ஃபிலிப்ஸ், டெர்லவிச் மூவரும் இதற்குத் தந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 500.7 நானோமீட்டரிலுள்ள ஆக்ஸிஜன் வரியை 486.1-இலுள்ள ஹைட்ரஜன் வரியாலும், 658.4-இலுள்ள நைட்ரஜன் வரியை 656.3-இலுள்ள ஹைட்ரஜன் வரியாலும் வகுத்து, இரு விகிதங்களையும் ஒரு வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒவ்வோர் இணையும் அருகருகே அமைந்த அலைநீளங்கள் என்பதால், இடையிலுள்ள தூசு இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கவைக்கிறது, விகிதம் பெரிதாக மாறுவதில்லை. கருந்துளையைச் சுற்றி எழும் கதிர்வீச்சு இளம் விண்மீன்களின் ஒளியைவிட ஆற்றல் மிக்கதாதலால், அது ஆக்ஸிஜனிலிருந்து இரு எலக்ட்ரான்களை எளிதில் பறித்து, அந்தப் புள்ளியை வரைபடத்தில் மேலே தூக்கிவிடுகிறது.

இத்தனைக்கும் அடங்காதவை சில உண்டு. எக்ஸ் கதிரில் பிரகாசமாகவும், நிறமாலையில் உமிழ் வரியே இல்லாத மூத்த விண்மீன்களின் அமைதியான கூட்டமாகவும் அவை தோன்றுகின்றன. கருந்துளைக்கு அருகிலுள்ள வாயுவை எல்லாத் திசையிலும் தூசு மூடியிருக்கலாம். பொருள் மெதுவாக விழுவதால் வரிகளைத் தூண்டும் புற ஊதாக் கதிர் குறைந்திருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நம் கருவியைத்தான் என்பது என் கருத்து. தொலைவிலுள்ள மண்டலம் சிறிதாகத் தெரிவதால் நிறமாலைமானியின் பிளவுக்குள் அதன் பெரும்பகுதி ஒளியும் நுழைந்துவிடுகிறது. ஒகேனக்கல் அருவிக்கருகே நின்று பேசுபவரின் குரல்போல, மையத்தின் வரிகள் அந்த விண்மீன் ஒளியில் அமுங்கிப்போகின்றன. அருகிலுள்ள இரண்டாம் வகை மண்டலங்களை வேண்டுமென்றே முழுமையாகப் பிளவுக்குள் கொண்டுவந்து பார்த்தபோது, அவற்றில் பலவும் சாதாரண மண்டலங்களைப் போலவே தோற்றமளித்தன. ஆகவே, ஒரு மண்டலத்தைச் 'சாதாரணம்' என்று பட்டியலில் எழுதுபவர், அதன் தொலைவையும் எந்த அகலப் பிளவில் அதைப் பார்த்தார் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.