வீட்டு வாசனை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் ஐந்து பூனைகள் இருக்கின்றன. தாய் பொன்னி, அவள் ஒரே ஈற்றில் ஈன்ற கருப்பி, பொட்டு என்ற இரண்டு மகள்கள், அவர்களோடு பிறந்த செவலை என்ற கடுவன், பல ஆண்டுகள் கழித்து, பாதி வளர்ந்த குட்டியாக வெளியிலிருந்து வந்து சேர்ந்த மணி. பூனை யாரிடமும் ஒட்டாத பிராணி, தனக்குத் தானே போதும் என்று வாழ்வது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒற்றைப் பூனையை வளர்ப்பவருக்கு அப்படித் தோன்றலாம். ஒரு தாயையும் அவள் மக்களையும் ஒரே கூரையின் கீழ் ஆண்டுக் கணக்கில் பார்த்து வருபவர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வாழ்வது என்பது உண்மைதான். ஓர் எலி ஒரு பூனையின் பசிக்கே சரியாகும் என்பதால் கூடி வேட்டையாடும் தேவை இந்த இனத்துக்கு ஏற்படவில்லை. வீட்டுப் பூனையும் இன்றுவரை தனியாகத்தான் பதுங்கிப் பாய்கிறது. ஆனால் உணவு தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் இடங்களில் பூனைகள் கூடி வாழ்கின்றன. அந்தக் கூட்டம் பெண்வழிக் குடும்பமாக அமைகிறது: தாய், அவள் மகள்கள், மகள்களின் மகள்கள். கடுவன்கள் வளர்ந்ததும் பெரும்பாலும் விலகிப் போய்விடும்.

பூனையின் சினைக்காலம் ஏறத்தாழ 63 முதல் 65 நாட்கள். பிறக்கும் குட்டிக்குக் கண்ணும் திறந்திருக்காது, காதும் கேட்காது. தாயின் வெதுவெதுப்பும் வாசனையும் மட்டுமே அதற்குத் தெரிந்த உலகம். பிறந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் குட்டிகள் தமக்கென்று ஒரு முலைக்காம்பைத் தேர்ந்துகொள்ளும் என்று படித்திருந்தேன். நேரில் பார்த்தபோதுதான் அதன் நேர்த்தி புரிந்தது. கருப்பிக்குக் கடைசிக் காம்பு. பொன்னி எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும், கண் திறக்காத அந்தக் குட்டி மற்றவற்றின் மேல் ஏறி, தலையை இடமும் வலமும் ஆட்டி முகர்ந்து தேடி, தன் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே அமைதியாகும். பால் குடிக்கும்போது முன்கால்களால் மடியைப் பிசைந்து கொடுக்கும். பத்து வயது தாண்டிய பிறகும் என் மடியில் படுக்குமுன் அதே கால்களால் அதேபோலப் பிசைகிறாள்.

குட்டிகளுக்கு மூன்று வாரமானபோது பொன்னி அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்வி அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோனாள். பிடரியில் பல் பட்டதும் குட்டி கால்களை மடக்கிக்கொண்டு துணிபோலத் தொங்கிவிடும். சரணாகதியை விளக்கப் புகுந்த வைணவ ஆசாரியர்கள் மார்ஜார நியாயம், அதாவது பூனை உவமை, என்று இந்தக் காட்சியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் ஒரு தாய்ப்பூனையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

நான் தாமதித்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கருத்தடை அறுவை சிகிச்சையை நாங்கள் ஒத்திப்போட்டதால், அடுத்த ஆண்டு பொன்னியும் கருப்பியும் ஒரே வாரத்தில் ஈன்றார்கள். இருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்திருந்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் ஏழு குட்டிகளும் ஒரே பெட்டியில். இரு தாய்மாரும் எதிரெதிரே வளைந்து படுத்து அவற்றை நடுவில் வைத்திருந்தார்கள். எந்தக் குட்டி யாரிடம் குடிக்கிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. ஒருத்தி உணவுக்கு எழுந்தால் மற்றவள் அசையமாட்டாள். பெண்வழிக் கூட்டங்களில் தாயும் மகளும் இப்படிச் சேர்ந்து பாலூட்டுவது உண்டு. முதல் ஈற்றுப் பூனைக்கு அது எத்தகைய துணை என்பதை அன்று கண்டேன். அந்தக் குட்டிகளை மூன்று மாதம் வளர்த்து நல்ல இடங்களில் சேர்த்தோம். அதன் பின் எல்லாவற்றுக்கும் அறுவை சிகிச்சை செய்துவிட்டோம். பெட்டைக் குட்டி நான்கு மாதத்திலேயே சினையாகக்கூடும். உடன்பிறந்தவன், பெற்ற மகன் என்ற வேறுபாடு அதற்கு ஒரு தடையாவதில்லை. பல பூனைகளை வளர்ப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இவ்வளவு நெருக்கமான உறவு எதில் நிற்கிறது என்பதை எனக்குக் காட்டியது ஒரு துயரமான நாள். பொட்டு ஒரு பல் சிகிச்சைக்காக ஓர் இரவு மருத்துவமனையில் தங்கித் திரும்பினாள். கூடையைத் திறந்ததும் பொன்னி வாலை நேராக உயர்த்திக்கொண்டு ஓடி வந்தாள். அது பூனைகளின் நேச வணக்கம். மகளின் கழுத்தை முகர்ந்தவள் அப்படியே நின்றாள். காதுகள் பின்னால் சாய்ந்தன, வால் புடைத்தது. சீறிக்கொண்டு முகத்தில் அறைந்தாள். பொட்டு என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

பூனைகள் கன்னத்தையும் விலாவையும் ஒன்றன்மேல் ஒன்று உரசுவது வெறும் கொஞ்சல் என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்த உரசலால்தான் ஒரு வீட்டுப் பூனைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு வாசனை உண்டாகிறது. தம்மவரை அவை அறிந்துகொள்வது பெரும்பாலும் அதைக் கொண்டுதான். பொட்டின் மேல் அந்த வாசனை போய், மருந்து நெடி ஏறியிருந்தது. பொன்னியின் மூக்குக்கு அவள் அயலாள்.

பொட்டைத் தனி அறையில் வைத்தோம். ஒரு துணியால் பொன்னியின் கன்னத்தைத் துடைத்துப் பொட்டின் படுக்கையில் போட்டோம். பொட்டைத் துடைத்த துணியைப் பொன்னியிடம் வைத்தோம். மூடிய கதவின் இருபுறமும் இருவருக்கும் ஒரே நேரத்தில் உணவு வைத்தோம். ஆறு நாட்கள் சென்றன. ஏழாம் நாள் கதவைத் திறந்தபோது பொன்னி வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு மகளின் நெற்றியை ஒருமுறை நக்கினாள். சற்றுப் பொறுத்து, காதோரத்தை. பொட்டு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுத்தது.

அதே முறையைத்தான் மணி வந்தபோதும் கையாண்டோம். அதற்கு ஆறு வாரங்கள் ஆயின. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக மலத்தட்டு வைப்பது, உணவுக் கிண்ணங்களை ஒன்றையொன்று பாராதபடி தள்ளி வைப்பது, ஒதுங்கிப் படுக்க உயரமான இடங்கள் தருவது ஆகியவை அந்த நாட்களில் பெரிதும் உதவின. முதலில் இறங்கி வந்தவன் செவலைதான். மகள்கள் இருவரும் மணியைச் சகித்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. அதை நான் வற்புறுத்துவதில்லை.

பொன்னிக்கு இப்போது பதின்மூன்று வயது. மூட்டு இறுகிவிட்டதால் முதுகையும் பிடரியையும் அவளால் நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடிவதில்லை. அங்கே ரோமம் சடை விழத் தொடங்கியிருந்தது. சில மாதங்களாக மாலை வேளைகளில் மணி அவள் அருகே வந்து அமர்கிறான். தலையிலிருந்து தொடங்கி, பிடரி வழியாக, அவளுக்கு எட்டாத இடம் வரை நிதானமாக நக்கிக் கொடுக்கிறான். அவனுக்கும் அவளுக்கும் இரத்த உறவு எதுவும் இல்லை. பொன்னி கண்ணை மூடிக்கொண்டு, அன்று பொட்டு செய்ததைப் போலவே, கழுத்தை நீட்டிக் கொடுக்கிறாள்.

வணக்கம்.