கோடு சரியாத்தான் இருந்துச்சு
மக்களே, கையில என்னன்னு பாருங்க. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. எப்படி சாய்ச்சாலும் எந்திரிச்சு நிக்குது, ஏன்னா கனமெல்லாம் அடியில. இப்போ தலையில இந்தக் களிமண்ணை அப்புறேன்... தட்டுறேன்... படுத்துருச்சா?

தென் கொரியாவுல செவோல் கப்பலுக்கு இதைத்தான் பண்ணாங்க. 1994ல ஜப்பான்ல கட்டின பயணிகள் கப்பல். 2012ல ஒரு கொரிய கம்பெனி பழசா வாங்கி, மேல் தளத்துல கூடுதலா கேபின் கட்டுச்சு. டிக்கெட் காசு வரும்ல! பரிசோதிச்சவங்க ஓகே சொன்னாங்க, ஆனா கண்டிஷனோட. தலை கனத்துப்போச்சு, சரக்கு 987 டன்னைத் தாண்டக்கூடாது, அடியில பேலஸ்ட் தண்ணிய, அதாவது கப்பல் சாயாம இருக்க அடித் தொட்டியில நிரப்புற தண்ணிய, கூட்டணும்னு.

2014 ஏப்ரல்ல இன்சியான்ல இருந்து ஜேஜு தீவுக்குக் கிளம்பினப்போ ஏத்தின சரக்கு 2,100 டன்னுக்கு மேல.

அப்புறம் எப்படி விட்டாங்க? கப்பல் பக்கவாட்டுல ஒரு வட்டமும் குறுக்கே கோடும் இருக்கும், பிளிம்சால் கோடு. மட்டமான கப்பல்ல மூட்டை மூட்டையா ஏத்திட்டு, மூழ்கினா இன்சூரன்ஸ் இருக்குனு முதலாளிங்க இருந்த காலத்துல, சாமுவேல் பிளிம்சால்னு ஒரு பிரிட்டிஷ் எம்.பி. பார்லிமென்ட்டுல சண்டை போட்டார், 1876ல சட்டமே வந்துச்சு. கோடு முங்கினா ஓவர்லோடு.

செவோல்ல கோடு முங்கக்கூடாதுனு பேலஸ்ட் தண்ணிய குறைச்சுட்டாங்க! இருக்க வேண்டியதுல பாதிகூட இல்ல. கரையில நின்னு பாத்தா எல்லாம் சரி. கோடு மொத்த பாரத்தைத்தான் காட்டும், பாரம் மேல இருக்கா கீழ இருக்கானு காட்டாது. எனக்கு வயிறு எரியுறது இங்கதான். விவரம் தெரியாதவன் இதைப் பண்ண முடியாதுங்க.

ஏப்ரல் 16 காலைல ஜிண்டோ தீவு பக்கத்துல ஒரு திருப்பம். சுக்கான் ஏன் அவ்ளோ திரும்புச்சுனு இன்னும் சண்டை ஓடுது. கப்பல் சாஞ்சுது, ஒழுங்கா கட்டாத வண்டி, கன்டெய்னர் எல்லாம் ஒரே பக்கம் சரிஞ்சுது. நிமிரவே இல்ல. 476 பேர்ல 304 பேர் செத்துட்டாங்க, அதுல 250 பேர் ஒரே ஸ்கூல் பசங்க. பசங்கள உள்ளயே இருக்கச் சொல்லிட்டு கேப்டன் வெளிய வந்தது, ஆயுள் தண்டனை, அதெல்லாம் தனி வீடியோ.

இதுக்கு முன்னாடியே அந்தக் கப்பலோட வழக்கமான கேப்டன், சாஞ்சா நிமிர மாட்டேங்குதுனு கம்பெனில சொல்லியிருக்கார். யாரும் காதுல போட்டுக்கல. அன்னைக்கு அவர் லீவு. ஓட்டினது அவருக்குப் பதிலா வந்தவர்.