கேட்க நாதி வேண்டாமா?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், மழை வரும்போல இருந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம்.

"ஆறிப்போன வழக்குகளைத் தோண்டும் அமெச்சூர் துப்பறிவாளர்கள் நீதிக்குத் துணையா, தொல்லையா?" இதுதான் தலைப்பு. ஆறிப்போன வழக்கு என்றால், துப்பு துலங்காமல் வருடக்கணக்காகக் கிடப்பில் கிடக்கும் வழக்கு. துணையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். இவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள், பயிற்சி இல்லாதவர்கள், அப்பாவிகள்மேல் பழி போடுகிறவர்கள். கைதட்டலும் வாங்கிவிட்டார். பட்டிமன்றமாயிற்றே, இவன் உடனே கண்ணகியையும் உடைந்த சிலம்பையும் இழுத்து வருவான் என்று நடுவர் எதிர்பார்க்கலாம். கண்ணகிக்கு இன்று ஓய்வு கொடுப்போம். நான் உங்களை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்கு அழைத்துப் போகிறேன்.

1968 மே 17. ஜார்ஜ்டவுன் என்கிற ஊருக்கு அருகே, நெடுஞ்சாலை ஓரத்தில், கிணறு தோண்டும் தொழில் செய்யும் ஒருவர் கம்பங்களிலிருந்து கழற்றிப் போட்ட, கம்பி தாங்கும் கண்ணாடிக் குமிழ்களை, அதாவது இன்சுலேட்டர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அதைச் சேர்த்துவைப்பது அங்கே சிலருக்குப் பொழுதுபோக்கு. அப்போது ஒரு பச்சைத் தார்ப்பாய் மூட்டை கண்ணில் பட்டது. பிரித்தால், உள்ளே ஒரு பெண்ணின் சடலம். தார்ப்பாய் கூடாரத் துணி மாதிரி இருந்ததால் பத்திரிகைகள் 'கூடாரப் பெண்' என்று பெயர் வைத்தன. போலீஸ் முகத்தை வரைந்து வெளியிட்டது. எங்கள் பெண் என்று சொல்லி யாரும் வரவில்லை. ஜார்ஜ்டவுன் மயானத்தில் அவளுக்கு ஒரு கல் நட்டார்கள். அதில் அந்த வரைபட முகத்தையே செதுக்கி, வயது சுமார் 16 முதல் 19, உயரம் ஐந்தடி ஓரங்குலம், அடையாளம் தெரியவில்லை என்று பொறித்தார்கள்.

அந்தக் கிணற்றுக்காரருக்கு ஒரு மருமகன். பெயர் டாட் மேத்யூஸ். டென்னசியில் தொழிற்சாலைத் தொழிலாளி. 1987இல், பள்ளியில் படிக்கிற காலத்தில், பின்னாளில் மனைவியான பெண் சொல்லித்தான் அவருக்கு இந்தக் கதை தெரியும். மாமனார் வீட்டில் மோதிரம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம், பைக் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். மாமனாரிடமிருந்து ஒரு கொலை வழக்கை வாங்கிக்கொண்ட மாப்பிள்ளை எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்!

பத்து வருடம் தேடினார். முதலில் பழைய செய்தித்தாள்கள், அப்புறம் கணினி, இணையம். 1998 ஜனவரியில் ஓர் அறிவிப்பு கண்ணில் பட்டது. ஆர்கன்சாவில் ஒரு பெண் தன் அக்காவைத் தேடுகிறார். அக்கா 1967 கடைசியில் காணாமல் போனவர். பழுப்பு முடி. கடைசியாக வாழ்ந்தது லெக்சிங்டனில். ஜார்ஜ்டவுனுக்குப் பக்கத்து நகரம் அது. அக்காவின் வயது 24.

கவனியுங்கள், இருபத்துநான்கு. கல்லில் இருப்பதோ 16 முதல் 19. உலகம் தேடியது பள்ளி வயதுப் பெண்ணை. செத்துக் கிடந்தது வளர்ந்த பெண். வயது இடிக்கிறதே என்று மேத்யூஸ் அடுத்த அறிவிப்புக்குத் தாவவில்லை. தங்கையிடம் பேசினார், அதிகாரிகளிடம் சொன்னார். உடலைத் தோண்டி எடுத்து டிஎன்ஏ பரிசோதனை செய்தார்கள். அந்த ஆண்டே உறுதியாயிற்று. முப்பது வருடம் பேரில்லாமல் கிடந்தவளின் கல்லில் பேர் ஏறியது.

போலீஸ் என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் கேட்க மாட்டேன். நியாயமாகப் பேசுவோம். அந்த நாட்டில் ஆண்டுக்கு சுமார் 6 லட்சம் பேர் காணாமல் போனதாகப் புகார் வருகிறது. ஆண்டுக்கு சுமார் 4,400 அடையாளம் தெரியாத சடலங்கள் கிடைக்கின்றன. அவற்றில் ஆயிரம் வரை ஓர் ஆண்டு கழித்தும் அப்படியே இருக்கின்றன. காணவில்லை என்கிற புகார் ஒரு மாநிலத்தில், சடலம் இன்னொரு மாநிலத்தில். இந்தக் கோப்பும் அந்தக் கோப்பும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. அமெச்சூர் துப்பறிவாளரின் வாழ்க்கை என்றால் தொப்பி, பூதக்கண்ணாடி என்று எதிரணி அக்கா கிண்டல் செய்தாரே, உண்மையில் அந்த வாழ்க்கை இதுதான்: இரண்டு பட்டியல்களை எதிரெதிரே வைத்துக்கொண்டு, தழும்பு, பல், தேதி, உயரம் என்று ஒப்பிட்டு, "இவள் அவள் இல்லை, இவளும் இல்லை" என்று அடித்துக்கொண்டே போவது. நூறு முறை இல்லை என்று எழுதும் பொறுமை வேண்டும். சம்பளம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது.

வேலைவெட்டி இல்லாதவர்கள் என்றாரே! மேத்யூஸ் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து தேடியவர். கலிபோர்னியாவில் கிறிஸ் லாம்பர்ட் என்கிற இசைக்கலைஞர். 1996இல் ஒரு கல்லூரி மாணவி காணாமல் போனார். அவர் முகம் போட்ட விளம்பரப் பலகையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர் லாம்பர்ட். 2019இல் அந்த வழக்கைப் பற்றி இணையத்தில் ஒலித்தொடர், அதாவது பாட்காஸ்ட், தொடங்கினார். இதுவரை யாரும் வந்து கேட்காத சாட்சிகள் இவரிடம் வந்து பேசினார்கள். 2021இல் அந்த மாணவியோடு கடைசியாக நடந்துபோன சக மாணவர் கைதானார், 2022இல் கொலைக் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. லாம்பர்ட்டின் பங்கை அந்த ஊர் ஷெரீப்பே, அதாவது வட்டாரப் போலீஸ் தலைவரே, வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

சரி, இரண்டாவது குற்றச்சாட்டு: பயிற்சி. கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் 13 கொலைகள் செய்தவன் 2018 ஏப்ரலில் பிடிபட்டான். எதை வைத்து? ஜெட்மேட்ச் என்கிற, சொந்தங்களைத் தேட மக்கள் தங்கள் டிஎன்ஏ விவரங்களைப் போட்டுவைக்கும் வம்சாவளி இணையதளத்தை வைத்து. அதை 2010இல் தொடங்கியவர்கள் முன்னோரைத் தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட இரண்டு பேர். குற்றம் நடந்த இடத்து டிஎன்ஏவுக்கு அதில் தூரத்துச் சொந்தங்களைக் கண்டுபிடித்து, குடும்ப மரம் போட்டுக் கொலைகாரனை நெருங்க உதவியவர் பார்பரா ரே-வென்டர். ஓய்வுபெற்ற காப்புரிமை வழக்கறிஞர். இந்தத் துறையில் தன்னார்வலராக நுழைந்தவர். பிடிபட்ட கொலைகாரன் யார்? முன்னாள் போலீஸ்காரன்! பயிற்சி யாரிடம் இருந்தது என்று அக்காவே சொல்லட்டும்.

இன்னொன்று, கொஞ்சம் பழையது. நம் பம்பாயிலிருந்து இங்கிலாந்து போய்ப் பாதிரியாரான ஒரு பார்சிக்காரரின் மகன் ஜார்ஜ் எடால்ஜி. இளம் வழக்கறிஞர். இரவில் வயல்களைக் கடந்துபோய்க் குதிரையின் வயிற்றைக் கிழித்தான் என்று 1903இல் ஏழு ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து வெளியே விட்டார்கள், ஆனால் களங்கம் துடைக்கவில்லை. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயல் அவரைச் சந்திக்க ஒரு ஹோட்டலுக்குப் போனார். எடால்ஜி செய்தித்தாளை முகத்தோடு ஒட்டி, சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். டாயல் கண் மருத்துவம் படித்தவர். அவருக்கு அங்கேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது. இந்தப் பார்வையை வைத்துக்கொண்டு கும்மிருட்டில் வயலும் ரயில் பாதையும் கடந்து இவர் எங்கே போவார்? 1907இல் மன்னிப்பு வந்தது.

எதிரணி கைதட்டுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அதே டாயல் பிறகு வேறொருவரைக் குற்றவாளி என்று கைகாட்டினார், நிரூபிக்க முடியவில்லை. அப்பாவியைக் காப்பாற்றக் கிளம்பியவரே இன்னொருவர்மேல் விரல் நீட்டினார். இந்த ஆபத்து இருக்கிறது. மறுக்க மாட்டேன்.

ஆனால் அக்கா மூன்றாவதாகச் சொன்ன உதாரணம் எது? 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு. அதற்கு ஒரு மாதம் முன்பே காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரை, முகம் ஒத்துப்போகிறது என்று இணையத்தில் ஆயிரம் பேர் குற்றவாளியாக்கினார்கள். அந்தப் பையன் பிறகு ஆற்றில் சடலமாகக் கிடைத்தார். அவர் குடும்பம் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கும் வயிறு கலங்குகிறது. ஆனால் நடுவர் அவர்களே, அது ஆறிப்போன வழக்கா? குண்டு வெடித்த நான்கு நாளைக்குள் நடந்தது! முந்திச் சொல்ல வேண்டும் என்கிற வெறி அது. நம் தலைப்பில் இருக்கிற ஆள் பத்து வருடம் ஒரு பேரைத் தேடி, கிடைத்ததும் அதைப் போலீஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர். கூட்டத்தோடு கல்லெறிந்தவனையும் இவரையும் ஒரே கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இவர்கள் போலீஸுக்கு எதிரிகளும் இல்லை. டென்னசியில் 2000ஆம் ஆண்டு இரண்டு பதின்வயதினர் காரோடு காணாமல் போனார்கள். 2021இல் ஒரு யூடியூபர், தண்ணீரில் முங்கிக் கார்களைத் தேடுகிறவர், வேறு இடத்தில் தேடிக்கொண்டிருந்தார். ஷெரீப் அதைப் பார்த்துவிட்டு, அங்கே இல்லை, ஆற்றுப் பக்கம் பாருங்கள் என்று வழி சொன்னார். ஆற்றில் கார் கிடைத்தது.

இந்த வாழ்க்கை வீட்டுக்கு நல்லதா என்று கேட்டால், அதில் எதிரணிக்குப் பாதி மதிப்பெண் தருகிறேன். சாப்பாட்டு மேசையில் பல் வரிசை பற்றியும் எலும்பு பற்றியும் பேசுகிறவரோடு குடும்பம் நடத்துவது லேசில்லை. அந்த மனைவிமாருக்கு அரசாங்கம் ஏதாவது படி கொடுக்கலாம். ஆனால் நம் தலைப்பு நீதிக்குத் துணையா என்பது, மனைவிக்குத் துணையா என்பதல்ல!

மணி அடிக்கக் கை போவது தெரிகிறது. எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி மட்டும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 'பேர் புரூக்' என்கிற பூங்கா அருகே, 1985இல் ஒரு பீப்பாய் கிடைத்தது. உள்ளே ஒரு பெண், ஒரு சிறுமி. இரண்டாவது பீப்பாய் அங்கிருந்து சுமார் நூறு கஜத்தில் கிடந்தது. அதைக் கண்டுபிடித்தது 2000இல். உள்ளே மேலும் இரண்டு குழந்தைகள். 2018இல், கனெக்டிகட்டைச் சேர்ந்த ரெபெக்கா ஹீத் என்கிற நூலகர், சொந்தங்களைத் தேடி யாரோ எப்போதோ எழுதிவைத்த பழைய குறிப்புகளைப் புரட்டி, மூன்று பேருடைய பெயரைப் போலீஸிடம் கொடுத்தார். டிஎன்ஏ வழியாக அதே பெயர்களுக்குப் போலீஸும் வந்துகொண்டிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் அறிவித்தார்கள். பயிற்சியும் சம்பளமும் உள்ளவர்களுக்கு நூறு கஜம் நடக்கப் பதினைந்து வருடம் ஆனது. நூலகர் செய்தது தொல்லை என்றால், இதற்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்? பதிலோடு வாருங்கள், காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.