வடத்தில் யார் கை வைப்பது?

வணக்கம்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். ஊர் கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தேர் எந்த வீதி வழியாகப் போவது, முதல் மரியாதை யாருக்கு, வடத்தில் யார் கை வைக்கலாம் என்று அடுத்த நிமிடமே பேச்சு தடிக்கும். அமெரிக்காவின் பால்புதுமையினர், அதாவது தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர் ஆகியோர், தலைநகர் வாஷிங்டனில் 1979, 1987, 1993, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் ஐந்து பெரும் தேசியப் பேரணிகளை நடத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சண்டை உண்டு. "இவர்களுக்குள் ஒற்றுமையே இல்லை" என்று வெளியிலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். என் கணக்கு வேறு. சண்டையை முன்கூட்டியே, அதற்கென்று கூட்டிய சபையில் போட்டுக்கொண்ட பேரணிகள் நன்றாக நடந்தன. சண்டைக்கு இடமே கொடுக்காத பேரணிதான் சிக்கலில் மாட்டியது.

1973இல் இல்லினாய் மாநிலத்துப் பல்கலைக்கழக ஊர் ஒன்றில் இப்படியொரு பேரணிக்காகத் தொடங்கிய முதல் முயற்சி அங்கேயே நின்றது. 1978இல் மினியாபொலிஸில் ஒரு குழு முயன்று, உட்பூசலால் அந்த அக்டோபரிலேயே தன்னைக் கலைத்துக்கொண்டது. பேரணிக்காகக் குரல் கொடுத்துவந்த சான் பிரான்சிஸ்கோ நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க் அடுத்த மாதம் 27ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துக்கம்தான் 1979 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் ஆட்களைக் கூட்டியது.

அங்கே முதல் விவாதமே பேரணி வேண்டுமா வேண்டாமா என்பதுதான். வேண்டாம் என்றவர்களைக் கோழைகள் என்று தள்ளிவிட முடியாது. அந்த ஆண்டுகளில் சட்டப் போராட்டம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. 1977இல் புளோரிடாவின் டேட் மாவட்டத்தில் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தை வாக்கெடுப்பில் இழந்தார்கள். 1978இல் கலிபோர்னியாவில் தன்பாலீர்ப்பு ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்க வந்த திட்டத்தை வாக்கெடுப்பிலேயே முறியடித்தார்கள். கையிலிருக்கும் காசை வாஷிங்டன் பஸ் டிக்கெட்டில் போடுவதா, உள்ளூர்த் தேர்தலில் போடுவதா? கூட்டம் குறைந்துபோனால் நாடாளுமன்றம் நம் பலவீனத்தையல்லவா எண்ணிப் பார்க்கும்? பெரிய அமைப்புகள் இப்படிக் கேட்டு ஒதுங்கி நின்றன, தாமதமாகவே வந்து சேர்ந்தன. சிற்றூர்க்காரர்களின் பதில் எளிமையானது: எங்கள் ஊரில் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒரு நாளாவது தெரியட்டும்.

அடுத்தது, யார் முடிவெடுப்பது. வழிநடத்தும் குழுவில் ஆணுக்குச் சமமாகப் பெண், வெள்ளையர் அல்லாதோருக்கு உறுதியான பங்கு என்று விதி வைத்தார்கள். காகிதத்தில் அழகான விதி. நடைமுறையில், ஒரு வட்டாரம் இரண்டு பேரை அனுப்பினால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அவருடைய பயணச் செலவை யாரும் ஏற்காவிட்டால் நாற்காலி காலியாகக் கிடக்கும். பங்கு ஒதுக்கிய கையோடு வழிச்செலவையும் ஒதுக்காத குழுக்களில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

மூன்றாவது, கோரிக்கைப் பட்டியல். 1979இல் ஐந்தே கோரிக்கைகள். இளையோர் பற்றிய கோரிக்கையின் முதல் வடிவத்தில், பாலுறவுச் சம்மத வயதுச் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்றும் இருந்தது. பெண்களின் தரப்பு அதைக் கடுமையாக எதிர்த்தது. வீட்டிலும் பள்ளியிலும் வேலையிலும் இளையோரைப் பாகுபாட்டிலிருந்து காக்க வேண்டும் என்று மாற்றி எழுதினார்கள். அந்த முதல் வாசகம் அப்படியே மேடையேறியிருந்தால் எதிரிகளுக்கு வேறு ஆயுதமே தேவைப்பட்டிருக்காது. உள்ளே இருந்து ஒருவர் "முடியாது" என்று சொன்னது அங்கே பேரணியைக் காப்பாற்றியது. 1979 அக்டோபர் 14 அன்று குறைந்தது 75,000 பேர் நடந்தார்கள். அதே வார இறுதியில் வெள்ளையரல்லாத தன்பாலீர்ப்பினர் தங்கள் முதல் தேசிய மாநாட்டை அதே நகரில் தனியாகக் கூட்டினார்கள். கூட்டிவிட்டு, பேரணியிலும் வந்து நடந்தார்கள்.

தனியாகவும் கூடி, ஒன்றாகவும் நடக்கும் இந்த உத்தியை 1987 பேரணி முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டது. எய்ட்ஸ் மரணங்களின் காலம் அது. தன்பாலுறவைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்திருந்தது. திருமண உரிமை கேட்பவர்கள் ஒரு பக்கம், திருமணம் என்ற ஏற்பாடே வேண்டாம் என்பவர்கள் மறுபக்கம். சிறை செல்லத் துணிந்தவர்கள் ஒருபுறம், கைது நடந்தால் பெயர் கெடும் என்பவர்கள் மறுபுறம். எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றாமல் ஆளுக்கொரு நாள் கொடுத்தார்கள். சனிக்கிழமை, அக்டோபர் 10, வருமான வரித் துறை அலுவலகத்தின் முன் கூட்டுத் திருமணம். இடத் தேர்வைக் கவனியுங்கள், மணமானவர்களுக்குக் கிடைத்த வரிச் சலுகை அன்று இவர்களுக்கு இல்லை. ஞாயிறு பேரணி. செவ்வாய்க்கிழமை உச்ச நீதிமன்றப் படிகளில் சட்ட மறுப்பு, 600க்கும் மேற்பட்டோர் கைது. கைதாக விரும்பாதவர் திங்கட்கிழமையே ஊருக்கு ரயில் ஏறிவிடலாம்.

பேரணி நாளன்று, எய்ட்ஸால் இறந்தவர்களுக்கான நினைவுத் துணி விரிப்பு முதன்முதலாக விரிக்கப்பட்டது. இறந்த ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடித் துணி, ஏறக்குறைய ஒரு சவக்குழியின் அளவு. அன்று மொத்தம் 1,920 துணிகள். நடைபாதையைச் சேர்க்காமலே 34,560 சதுர அடி. அதைச் சுற்றி நின்றபோது யாரும் கோரிக்கைப் பட்டியலைப் பற்றி வாதாடியிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

1993இன் சண்டை பெயரைப் பற்றியது. இருபாலீர்ப்பினரைக் குறிக்கும் 'பைசெக்ஷுவல்' என்ற ஆங்கிலச் சொல் தலைப்பில் வந்தது, ஆனால் முழுச் சொல் வரவில்லை. 'செக்ஸ்' என்ற ஒலி வரும் பாகத்தை வெட்டிவிட்டு 'பை' என்ற துண்டை மட்டும் சேர்த்தார்கள். திருநர் கோரிக்கைகளுக்குள் இடம்பெற்றார்கள், தலைப்பில் இடம்பெறவில்லை. பெயர் என்றால் வெறும் எழுத்துதானே என்று கேட்பவர்களுக்கு: பதாகையிலும் செய்தித்தாள் தலைப்பிலும் போவது பெயர் மட்டும்தான், உட்பிரிவு போகாது. (தமிழ்நாட்டில் 2022இல் இச்சொற்களுக்கான பட்டியலை அரசிதழில் வெளியிடும் அளவுக்கு நாமும் வந்தோம்.) 1993இல் கோரிக்கைகள் ஏழு தலைப்புகளாகவும் அவற்றின் கீழ் ஐம்பதுக்கும் மேற்பட்ட உட்பிரிவுகளாகவும் வளர்ந்திருந்தன. எல்லோரையும் திருப்திப்படுத்தும் பட்டியலை எவரும் படிக்க மாட்டார்கள். செய்தியாளர்கள் ராணுவத்தில் சேரும் உரிமை என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டார்கள்.

தலை எண்ணுவதிலும் தகராறுதான். பூங்காக் காவல்துறை 3 லட்சம் என்றது, அமைப்பாளர்கள் 10 லட்சம் என்றார்கள். கணக்கு முறை ஒன்றுதான்: பரப்பளவை ஒருவர் நிற்கும் இடத்தால் வகுப்பது. தளர்வான கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருக்கத்தில் நாலரை. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. முதல் கணக்கில் 4,356 பேர், இரண்டாவதில் 9,680 பேர். எந்த அடர்த்தியை எடுத்துக்கொண்டீர்கள் என்பதிலேயே தொகை இரட்டிப்பாகிவிடும். ஒரே நேரத்தில் எடுத்த படத்தை வைத்து எண்ணினால், காலையில் வந்து மதியம் போனவர் கணக்கில் வரமாட்டார்.

இனி 2000க்கு வருவோம். 1998 தொடக்கத்தில் ஹியூமன் ரைட்ஸ் கேம்பெய்ன் என்ற பெரிய அமைப்பும், தன்பாலீர்ப்பினருக்கான தேவாலயக் கூட்டமைப்பு ஒன்றும் சேர்ந்து 'மில்லெனியம் பேரணி'யை அறிவித்தன. முந்தைய மூன்றிலும் வட்டாரப் பிரதிநிதிகள் கூடி முடிவெடுத்த பிறகே அறிவிப்பு வந்தது. இங்கே அறிவிப்பு முதலில், ஆலோசனை பிறகு. யாரைக் கேட்டுத் தேதி வைத்தீர்கள், இந்த நிறுவன விளம்பரங்கள் எதற்கு என்று கேட்டவர்கள், வெளிப்படையான நடைமுறை கோரித் தனிக்குழுவே அமைத்துப் புறக்கணிப்பைப் பரப்பினார்கள். 2000 ஏப்ரல் 30 அன்று பெருங்கூட்டம் வந்தது உண்மை. ஆனால் பேரணியை ஒட்டி நடந்த தெருவிழாவின் வசூல் காணாமல் போய், அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. விசாரிக்கும் நிலை வந்தது. வட்டாரப் பிரதிநிதிகள் கூடும் சபை பொறுமையைச் சோதிக்கும்தான், ஆனால் உண்டியலைப் பல கண்கள் பார்க்கும்.

2009இன் பேரணி செலவையும் கோரிக்கையையும் சுருக்கியது: 50 மாநிலங்களிலும் சட்டத்தின் முன் சம பாதுகாப்பு, அவ்வளவுதான். ஆனால் தேதி, அக்டோபர் 11. மெய்ன் மாநிலத்தில் திருமண உரிமை மீதான வாக்கெடுப்பு நவம்பர் 3. மூன்று வாரத்தில் வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டிய தொண்டர்களும் பணமும் வாஷிங்டனுக்குப் போகிறதே என்ற 1979இன் கேள்வி அப்படியே திரும்பி வந்தது. தானே தன்பாலீர்ப்பினரான நாடாளுமன்ற உறுப்பினர் பார்னி ஃபிராங்க், இவர்கள் அழுத்தம் கொடுக்கப்போவது காலடியில் இருக்கும் புல்லுக்கு மட்டும்தான் என்று கிண்டலடித்தார். மெய்னில் தோற்றார்கள். பேரணியால்தான் தோற்றோம் என்று சொல்ல ஆதாரமில்லை, ஆனாலும் தேதி வைப்பவர் முதலில் மாநிலத் தேர்தல் நாட்காட்டியைத்தான் எடுக்க வேண்டும்.

அனுமதி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். வாஷிங்டனில் கூட்டம் கூடும் புல்வெளித் திடல் தேசியப் பூங்காத் துறையிடம். 25 பேருக்கு மேல் என்றால் அனுமதி வேண்டும், ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். நடக்கும் தெரு நகரக் காவல்துறையிடம். நாடாளுமன்ற வளாகப் புல்தரை வேறொரு காவல்துறையிடம். எனவே விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் யார் என்பதே அதிகாரப் போட்டியாகிவிடுகிறது. 1993இல் பேரணிக்கு முந்தைய மாலை சுமார் 20,000 பெண்கள் அனுமதியே கேட்காமல் தனி ஊர்வலம் போனதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

இந்த ஐந்துக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. 2017 ஜூன் 11 அன்று வாஷிங்டனில் நடந்த பேரணி சமூக வலைதளத்தில் ஒருவர் விடுத்த அழைப்பில் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள், அதே நகரின் வழக்கமான பெருமித அணிவகுப்பை இன்னொரு குழு வழியில் அமர்ந்து மறித்தது. வங்கிகளின் விளம்பரமும் காவல்துறையின் பங்கேற்பும் வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கை. அணிவகுப்பு வேறு தெருவுக்குத் திரும்பியது.

நன்றி, வணக்கம்.